வெளங்குதா, வௌங்குதா: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேக்கத்தான் சந்திப்பின் நிகழ்வு ஆய்வு

விக்கிப்பீடியா போன்ற தளங்களுக்குக் கருவி எழுதுபவர்கள் கூடும் விக்கிமீடியா ஹேக்கத்தான், 2022-இல் மே 20 முதல் 22 வரை இணையத்தில் நடந்தது. 2019-இல் பிராக் நகரில் நேரில் கூடியவர்கள் மறு ஆண்டு அல்பேனியாவின் டிரானாவில் கூட இருந்தார்கள். தொற்று வந்து அது நின்றது. 2021 முழுக்கத் திரையிலேயே போயிற்று. 2022-இலும் முதன்மை நிகழ்வு இணையத்தில்தான், ஆனால் அந்தந்த ஊர்க்காரர்கள் ஓர் இடத்தில் கூடி உட்கார்ந்துகொள்ளலாம் என்றார்கள். அதைப் படித்த அன்றே சிங்கப்பூர்த் தேக்காவில் தோசை தின்றபடி நாங்கள் நாலு பேர் "நாமும் செய்வோமா" என்று பேச ஆரம்பித்துவிட்டோம். மானியம் கேட்கவில்லை. எந்த அமைப்பின் பெயரையும் ஒட்டிக்கொள்ளவில்லை. ஆளுக்குப் பதினைந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே வேலை: பழைய நூல்களை உரையாக ஏற்றும் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்குக் கைகொடுக்கும் ஒரு சின்னக் கருவி.

அந்த நாளின் திட்டத்தில் பாதி தப்பாகப் போட்டிருந்தோம். எது தப்பு, எது தப்பித்தது என்று எழுதிவைத்தால் அடுத்து செய்கிறவர்களுக்கு உதவும் என்பதால் இது.

எத்தனை பேர்

ஏப்ரல் தொடக்கத்தில் பேச ஆரம்பித்தபோது சிங்கப்பூரில் ஒன்றுகூட உச்சவரம்பு பத்துப் பேர். மார்ச் 29-இல்தான் ஐந்திலிருந்து பத்தாக்கியிருந்தார்கள். ஆகவே எங்கள் பட்டியலும் பத்து. ஏப்ரல் 26-ஆம் தேதி வரம்பே எடுபட்டது, இடைவெளி விதியும் எடுபட்டது. அன்று மாலையே வாட்ஸ்அப் குழு சூடாகிவிட்டது. நண்பர் ஒருவர் நாற்பது பேர் என்றார். இரண்டு வருடம் அடைந்து கிடந்த ஊர், ஆசை புரிகிறது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அறையில் எத்தனை நாற்காலி என்பதைப் பார்த்து ஆள் கூப்பிடக்கூடாது, எத்தனை பேருக்கு வேலை தயாராக இருக்கிறது என்பதைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எங்களில் ஐந்து பேர். ஒரு நிரலாளர் பக்கத்தில் இரண்டு வாசகர் உட்காரலாம். மூன்றாவது ஆள் வந்தால் அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு பிரியாணிக்குக் காத்திருப்பார். கணக்கு பதினைந்து வரும், பதினான்கில் நிறுத்தினோம். கடைசி இடம் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவருக்குப் போனது. எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். இந்தக் கட்டுரையே அவரால்தான்.

சனியா ஞாயிறா என்பதில் விவாதமே இல்லை. கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் இரண்டு தம்பிகள் வர வேண்டியிருந்தது, அவர்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. தங்கும் விடுதியில் இருப்பவர்கள் வெளியே வர அப்போதும் தனி அனுமதி எடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் வரம்பு போய்விட்டது, அவர்களுக்கு மட்டும் போகவில்லை. ஒருவருக்குக் கிடைத்தது, இன்னொருவர் விடுதியிலிருந்தே இணையத்தில் சேர்ந்தார்.

பதிவுப் படிவம் பற்றி ஒரு வரி. முதல் வரைவில் யாரோ பழக்கதோஷத்தில் அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தார். தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி 2019 செப்டம்பர் 1 முதல் அப்படிச் சும்மா கேட்கக்கூடாது. எடுத்துவிட்டோம். பெயர், கைப்பேசி, சைவமா ஹலாலா, இவ்வளவு போதும்.

மணிக்கணக்கு

எங்கள் பெரிய தப்பு இங்கேதான். முதல் திட்டத்தில் காலை பத்து மணிக்கு எல்லாரும் வந்து, முதன்மை நிகழ்வைப் பெரிய திரையில் பார்த்து, அதன் கூடவே வேலை செய்வது என்று எழுதியிருந்தோம். கல்யாண வீட்டில் டிவி போட்டுக் கிரிக்கெட் பார்ப்பது மாதிரி.

நம் கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சிங்கப்பூரில் ஞாயிறு காலை பத்து என்றால் உலகப் பொது நேரம் அதிகாலை இரண்டு. ஐரோப்பா தூங்குகிறது. ஐரோப்பாவுக்கு வசதியாக உலகப் பொது நேரம் மாலை ஐந்து மணிக்கு ஓர் அமர்வு வைத்தால் நமக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணி, மறுநாள் திங்கட்கிழமை வேலை. ஆக, நாம் வேலை செய்யும் பகல் நேரத்தில் மேடையில் பெரும்பாலும் யாரும் இல்லை.

இதை அசௌகரியம் என்று நினைத்துக் கொஞ்ச நாள் புலம்பினோம். பிறகுதான் உறைத்தது: மேடை காலியாக இருப்பதே நமக்கு நல்லது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றால் எல்லாரும் வேலை பார்ப்பார்கள். புரொஜெக்டர் வாடகையை ரத்து செய்தோம். அதற்குப் பதிலாக இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டோம். கேட்க வேண்டிய தொழில்நுட்பக் கேள்விகளை வெள்ளி இரவே விக்கிமீடியாவின் வேலைப் பட்டியல் தளமான ஃபேப்ரிகேட்டரில் எழுதிப் போட்டுவிடுவது, பதில் சனிக்கிழமைக்குள் வந்துவிடும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வேலையை நிறுத்தி, செய்ததைச் செய்தபடியே எழுதி அங்கே ஒப்படைப்பது. அப்போது ஐரோப்பாவில் மதியம், ஆட்கள் இருப்பார்கள்.

முதல் பழக்கம் நன்றாகப் பலித்தது. இரண்டாவது ஏழே முக்கால் வரை இழுத்தது.

அறை, இணையம், பிளக்

முதலில் பேசி வைத்திருந்த இடம் இரண்டு வாரத்துக்கு முன் கைவிட்டது. பதிவு பெற்ற அமைப்பாக இருந்தால்தான் தர முடியும் என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். எங்களுக்கும் முதல் நாளே கேட்கத் தோன்றவில்லை. கடைசியில் ஓர் அக்கா தன் கொண்டோவின் (தனியார் அடுக்குமாடி) ஃபங்ஷன் ரூமைப் பதிவு செய்து கொடுத்தார். முன்பணம் அவருடையது, பொறுப்பும் அவருடையது. சத்தம் போட்டால் அவருக்குத்தான் கடிதம் வரும். அதனாலேயே பதினான்கு பேரும் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டார்கள்.

நீச்சல் குளத்தைப் பார்த்த அழகான அறை. வைஃபை கிடையாது. சுவரில் நாலே நாலு பிளக். இரண்டையும் முந்தின நாள் போய்ப் பார்த்ததால் தெரிந்துகொண்டோம். போகாமல் இருந்திருந்தால் அன்றைக்குக் கதை முடிந்திருக்கும். நீட்டிப்பு வயர் ஐந்து வாங்கினோம். விடுதித் தம்பி கொண்டுவந்த மடிக்கணினி ஊரில் வாங்கியது, உருண்டை முள் பிளக். சிங்கப்பூரின் தட்டையான மூன்று முள் ஓட்டையில் அது நுழையாது. "அண்ணே, அடாப்டர் ரூமில் இருக்கு" என்றார். நல்லவேளையாக அக்கா வீட்டு இழுப்பறையில் ஒன்று கிடைத்தது. ஊரிலிருந்து வந்தவர்கள் ஒருவராவது இருக்கும் கூட்டத்துக்கு இரண்டு அடாப்டர் கையோடு கொண்டு போங்கள்.

இணையத்துக்கு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் உள்ள மூன்று கைப்பேசிகளை ஹாட்ஸ்பாட் ஆக்கினோம். அதில் ஒரு சிக்கலும் ஒரு நன்மையும் இருந்தன. விக்கியில் ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு புதுக் கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. ஏழாவது ஆளுக்குக் கதவு சாத்திவிடும். முன்கூட்டியே விண்ணப்பித்தால் அந்த நாளுக்கு மட்டும் வரம்பைத் தளர்த்தித் தருவார்கள். ஆனால் அதற்கு அறையின் ஐபி முகவரி தெரிந்திருக்க வேண்டும், ஹாட்ஸ்பாட்டில் அதை முன்னாலேயே எப்படிச் சொல்வது? எங்களுக்கு மூன்று வழி இருந்ததால் வரம்பில் முட்டவில்லை. சிக்கல், அந்த மூன்றில் ஒன்று. வேறு யாரோ செய்த விஷமத்துக்காக அந்த முகவரி வரிசை முழுக்கத் தடையில் இருந்தது. கைப்பேசி இணையத்தில் ஒரே முகவரியைப் பல பேர் பகிர்வதால் அண்டை வீட்டான் செய்த பாவம் நம் தலையில் விழும். எல்லாரும் வீட்டிலேயே கணக்குத் தொடங்கிவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். படிவத்தில் சைவமா என்று கேட்டோம், விக்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்கவில்லை.

உள்ளே முகக்கவசம் அப்போதும் கட்டாயம். காணொளியில் பேசினால் விடுதியில் இருந்த தம்பிக்குப் பாதி விழவில்லை. அரை மணி நேரம் போராடிவிட்டு எழுத்து அரட்டைக்கு மாறினோம். அதுவே சௌகரியமாக இருந்தது.

வேலை என்ன

விக்கிமூலத்தில் ஒரு நூல் எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால்தான் அடுத்தது புரியும். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களின் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள் அங்கே இருக்கின்றன. எழுத்துணரி அந்தப் படத்தைப் படித்துப் பக்கத்தில் உரையாகக் கொட்டும். மனிதர் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் மறுபடி பார்த்து ஒத்துக்கொண்டால் பச்சை. மஞ்சளாக்கிய ஆளே பச்சையாக்க முடியாது, மென்பொருள் விடாது. ஒரே மேசையில் இரண்டு பேர் உட்கார இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

எழுத்துணரி செய்யும் தப்புகளில் சில திரும்பத் திரும்ப வரும். துணைக்கால் 'ா'வை 'ர' என்று படித்துவிடும், 'பாடம்' 'பரடம்' ஆகும். 1978-இல் தமிழ்நாடு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் அச்சான நூல்களில் 'லை', 'னை', 'ளை' எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருக்கும், அங்கே அது தடுமாறும். எங்கள் நிரலாளர்களில் இரண்டு பேர் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள், அந்தத் துதிக்கை எழுத்தைப் பார்த்ததே இல்லை. டீச்சர் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ஔகாரச் சிக்கல். 'ஔ' என்பது கணினிக்கு ஒரே எழுத்து. ஆனால் 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டாலும் கண்ணுக்கு ஏறக்குறைய அதேதான். 'ஔவையார்' என்றும் 'ஒளவையார்' என்றும் இரண்டு பேர் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும், ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. 'சௌக்கியம்', 'செளக்கியம்' கதையும் அதுவே. கொம்பும் காலும் தனித்தனியாக வந்து சேர்ந்த 'கொ'வைப் பக்கம் சேமிக்கும்போது விக்கியை ஓட்டும் மென்பொருளான மீடியாவிக்கி தானே ஒன்றாக்கிவிடும். 'ள' விஷயத்தில் அதனால் முடியாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து.

விதி சுலபமாகத் தெரிந்தது. ஒற்றைக் கொம்புக்குப் பின்னால், அல்லது 'ஒ'வுக்குப் பின்னால், வெறும் 'ள' வந்து, அதன்மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இல்லை என்றால், அது ஔகாரம். 'வெள்ளம்' தப்பிக்கும், புள்ளி இருக்கிறது. 'தெளிவு', 'ஒளி' தப்பிக்கும், விசிறி 'ி' இருக்கிறது. நிரலாளத் தம்பி பாவ்ஸில் இருபது வரியில் எழுதிவிட்டார். பாவ்ஸ் விக்கிமீடியாவே நடத்தும், நிரல் எழுதும் இணைய நோட்டுப்புத்தகம், விக்கிக் கணக்கோடு உலாவியில் திறந்தால் போதும், மடிக்கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். ஹாட்ஸ்பாட்டை நம்பி உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு அது பெரிய வரம். பக்கங்களை நேரே திருத்தாமல் உரையைப் படியெடுத்து, அதில் மட்டும் மாற்றிப் பார்த்தோம். நூறு பக்கத்தில் ஓட்டினார். நொடியில் முடிந்தது. கைதட்டினோம். பிரியாணி வந்தது.

சாப்பிட்டு முடித்து, கோப்பியும் கையுமாக டீச்சர் மாற்றிய பக்கங்களைப் படிக்க உட்கார்ந்தார். கதை நூல் ஒன்றின் உரையாடல் பக்கம். மூன்று நிமிடம் இருக்கும்.

"தம்பி, இங்க வாங்க. 'வௌங்குதா'ன்னு யார் பேசுவா?"

படத்தில் இருந்தது 'வெளங்குதா'. கதை மாந்தர் பேச்சுவழக்கில் பேசுகிறார். 'விளங்குதா' என்பது வாயில் 'வெளங்குதா' ஆகும். எழுத்தாளர் அப்படியே எழுதியிருக்கிறார், எழுத்துணரியும் சரியாகவே படித்திருக்கிறது. தப்பு எங்களுடையது. அடுத்த பக்கத்தில் 'ஒளறாதே' என்பது 'ஔறாதே' ஆகியிருந்தது. அதற்கடுத்து ஒரு 'வௌக்கமாறு'.

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "டீச்சர், நான் எழுத்து நடையைத்தான் யோசிச்சேன்" என்றார். "நானும் கிளாஸ்ல அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றார் அவர். அறையே சிரித்துவிட்டது.

இதே வேலையை அவரவர் வீட்டிலிருந்து செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நிரல் ஓடியிருக்கும், பிழை இல்லை என்று சொல்லியிருக்கும். வாசகர் ஒருவர் என்றைக்கோ அந்தப் பக்கத்தைத் திறந்து, எழுத்துணரியின் தப்பு என்று நினைத்துத் திருத்தியிருப்பார். நிரல் எழுதியவருக்குச் சேதியே போயிருக்காது. எங்கள் அறையில் அந்தச் சேதி போக இரண்டு நாற்காலி தூரம்தான் இருந்தது. சந்திப்புக்காக நாங்கள் போட்ட திட்டங்களில் அந்த உட்காரும் ஒழுங்கு ஒன்றுதான் போட்ட காசுக்குத் தகுந்தது: நிரலாளர்களை ஒரு மேசையிலும் வாசகர்களை இன்னொரு மேசையிலும் பிரிக்காமல், கலந்து உட்காரவைத்தது. முதல் வரைவில் 'தொழில்நுட்பக் குழு', 'உள்ளடக்கக் குழு' என்று தனித்தனி மேசைதான் இருந்தது. இடம் சின்னதாக இருந்ததால் கலந்தோம். புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், உண்மை அதுவல்ல.

பிற்பகல் முழுக்கக் கருவியின் குணமே மாறியது. தானே திருத்துவதை விட்டுவிட்டு, சந்தேகமான இடத்துக்கு மஞ்சள் பூசிக் காட்டுவது மட்டும் என்று வைத்தோம். முடிவு மனிதருடையது. கூடவே ஒரு விலக்குப் பட்டியல், அதில் உள்ள சொற்களைக் கருவி தொடாது. வேகம் போயிற்று, யாரும் அதற்காக வருத்தப்படவில்லை.

நடுவில் ஓர் ஐயா பையிலிருந்து ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பை எடுத்தார். எழுபதுகளில் சிங்கப்பூரில் அச்சானது. "இதையும் ஏத்திடலாமா?" ஆசையாகக் கேட்டார். இங்கே பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டு. குடும்பத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொட முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டார். இதற்கும் முன்னாலேயே ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். 2015-இல் வந்த தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் இந்த ஊர்த் தமிழ் நூல்களுக்காகவே நடந்தது, நூலக வாரியமும் சமூகமும் சேர்ந்து செய்தது. அதை அவரிடம் அங்கேயே சொல்லியிருந்தால் முகம் வாடியிருக்காது. எனக்கு வீட்டுக்குப் போகும் வழியில் ரயிலில்தான் நினைவு வந்தது.

ஒப்படைப்பும் அதற்குப் பிறகும்

ஆறு மணிக்கு நிறுத்துவதாக இருந்ததை யாரும் நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் உற்சாகம் உச்சத்தில் இருந்தது. அதுவே ஆபத்து. ஒப்படைப்புக் குறிப்பை எழுத ஆள் இல்லை, எல்லாரும் "இன்னும் ஒரே ஒரு திருத்தம்" என்கிறார்கள். ஏழேகாலுக்கு அக்கா வந்து மேசை துடைக்க ஆரம்பித்த பிறகுதான் அவசர அவசரமாக எழுதினேன். பாதிக் குறிப்பு. நிரல் எங்கே இருக்கிறது என்று எழுதினேன், எந்த நூலில் சோதித்தோம் என்று எழுத மறந்தேன். மறுநாள் காலை வேறொரு நாட்டிலிருந்து அதையே கேட்டு ஒரு கேள்வி வந்திருந்தது. இனி செய்தால், குறிப்பெழுதும் ஆள் வேறு எந்த வேலையிலும் உட்காரக்கூடாது, காலையிலிருந்தே எழுதிக்கொண்டு போக வேண்டும்.

செலவுக் கணக்கில் துண்டு விழவில்லை. பிரியாணியில் சைவம் இரண்டு பொட்டலம் குறைந்தது. முன்பணம் முழுசாகத் திரும்பி வந்தது. விடுதித் தம்பி அனுமதி நேரம் முடியும் முன் போக வேண்டியிருந்ததால் ஐந்து மணிக்கே கிளம்பினார். கடைசிப் படத்தில் அவர் இல்லை. படம் பிற்பகலிலேயே எடுத்திருக்கலாம்.

டீச்சர் இப்போதும் வாட்ஸ்அப்பில் சொற்கள் அனுப்புகிறார், விலக்குப் பட்டியலுக்கு. எங்காவது கதை படிக்கும்போது கண்ணில் பட்டால் உடனே வரும். பட்டியலில் ஒரே ஒரு சொல்லின் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி நிற்கிறது: 'கெளவி'. கிழவி என்பதைப் பேச்சில் அப்படி எழுதுவார்கள். கவ்வி என்பதற்குப் பழைய நடையில் 'கௌவி' உண்டு, அதை எழுத்துணரி 'கெளவி' என்று படிக்கும். நாய் எலும்பைக் கெளவி ஓடியது என்றால் பரவாயில்லை, ஊகிக்கலாம். டீச்சர் அனுப்பிய வரியில் நாயும் இருக்கிறது, கிழவியும் இருக்கிறாள். தம்பி அதற்கு விதி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.